எங்கள் பிள்ளைகளுக்காக வாதாடிய லோயரம்மா

மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஹட்டனில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நஸீரா பேசினார். என் மகள் கவிஷாவைப் போலவே அவருடைய மகனுக்கும் மூளை முடக்குவாதம். "டீச்சர், நம்ம லோயரம்மா மௌத்தாயிட்டாங்க" என்று சாவுச் செய்தி சொன்னார். என்னால் கரண்டியைக் கீழே வைக்க முடியவில்லை. பாதியில் நிறுத்தினால் கவிஷாவுக்குப் புரையேறிவிடும். கழுத்தைத் தாங்கிப் பிடித்து, மசித்த சோற்றைக் கடைசி வாய் வரை கொடுத்து, முகம் துடைத்து, முதுகைத் தடவிவிட்டு, அதன் பிறகுதான் அழுதேன். அழுவதற்குக்கூட நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டிய வீடு எங்களுடையது. லோயரம்மாவுக்கு அது தெரியும்.

நாங்கள் லோயரம்மா என்று கூப்பிட்ட சட்டத்தரணி மங்களேஸ்வரியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். காணி, விவாகரத்து என்று அவரிடம் போனவர்கள் நிறையப் பேர். பிரசவ அறையில் நடந்த கவனக்குறைவால் முடங்கிப்போன பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நாங்கள் கொஞ்சப் பேர்.

நான் போனபோது கவிஷாவுக்கு மூன்று வயது. றொசல்லயிலிருந்து பஸ்ஸில் வந்து, ஹட்டனில் ஒரு தையல் கடைக்கு மேலேயிருந்த அவருடைய அறைக்குப் பிள்ளையைச் சுமந்துகொண்டு ஏறினேன். நடந்ததைச் சொன்னேன். முதல் பிரசவம். பிள்ளையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று ஒரு தாதி இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். "மொதப் புள்ளன்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் வந்தபோது காலம் கடந்துவிட்டது. பிள்ளை அழவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுத மாட்டேன். வழக்கு இன்னும் முடியவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "டீச்சர், மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இந்தக் கேஸ்ல ஜெயிச்சாலும் புள்ள எந்திரிச்சு நடக்காது. அத நெனச்சு வந்திருந்தீங்கன்னா இப்பவே வீட்டுக்குப் போயிடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப எதுக்கு மிஸ் கேஸ்?"

"நீங்க செத்த பொறகு இவள யாரு பாக்கிறது? அதுக்கு."

அதுவரை யாரும் என்னிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. தினமும் நானே யோசித்து, யோசித்ததற்காக என்னையே திட்டிக்கொண்டிருந்த விஷயம் அது.

வந்த எல்லோருடைய வழக்கையும் அவர் எடுக்கவில்லை. ஒரு நாள் உடப்புசல்லாவையிலிருந்து ஒரு தகப்பன் மகனோடு வந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். ஆஸ்பத்திரித் தாள்களைத் தனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டியிருந்த லோயரம்மா, கருவில் இருக்கும்போதே வந்த கிருமித் தொற்றால் ஏற்பட்ட பாதிப்பு இது, பிரசவம் பார்த்தவர்கள் மேல் பிழையில்லை என்றார். அந்த மனிதர் மேசையைத் தட்டினார். "நீங்களும் அவங்க பக்கமா?" என்று கத்தினார். லோயரம்மா பதிலுக்குச் சத்தம் போடவில்லை. பையனுக்கு அரசாங்க உதவிப் பணம் கிடைக்க எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினார். அந்த மனிதர் போன பிறகு லோயரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பிழை இல்லாத எடத்துல பிழை சொன்னா, பிழை இருக்கிற எடத்துலயும் நம்மள நம்ப மாட்டாங்க டீச்சர். ஆனா அந்தாள் மொகத்தப் பாத்தீங்களா?" என்றார்.

என் வழக்கில் சாட்சி சொல்ல ஒரு டாக்டர் வேண்டியிருந்தது. பிழை என்று தனியாகப் பேசும்போது ஒத்துக்கொண்டவர்கள், நீதிமன்றம் என்றதும் பின்வாங்கினார்கள். கண்டிக்கும் கொழும்புக்கும் எத்தனை தடவை போனார் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற மகப்பேற்று நிபுணர் ஒருவர் சம்மதித்தார். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, வழக்கு தள்ளிப்போனது. பிறகு நீதிபதி மாறினார். பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் பள்ளிக்கூடத்தில் லீவு போட்டு, மாமியாரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வந்து, அடுத்த தவணைத் தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவேன். பஸ் நிலையம் வரை அவர் கூடவே நடந்து வருவார்.

நான் சாட்சி சொன்ன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வலி எப்படி இருந்தது என்று கேட்டார்கள். "விட்டு விட்டு வலிச்சிச்சு" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில், வலி விட்டுப்போய்விட்டது என்று சொன்னார். நீதிபதி எழுதத் தொடங்கினார். வலியே இல்லாத தாய்க்கு எதற்காக டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று எதிர்த்தரப்புக்காரர் எழுந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் லோயரம்மா எழுந்துவிட்டார். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், நின்று நின்று திரும்ப வருகிற வலிக்கும் நின்றுபோன வலிக்கும் என்ன வித்தியாசம் என்று சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். நீதிபதி எழுதியதை வெட்டித் திருத்தினார். வெளியே வந்ததும் லோயரம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மூச்சு வேண்டியிருக்கே டீச்சர்" என்றார். அவருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. டாக்டரை நேரத்துக்குக் கூப்பிடாதது கவனக்குறைவு என்று நீதிபதி சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோயரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். படி ஏறிய களைப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு என் மாமியாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வயிற்றில் பிள்ளையோடு நான் கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி ஆனது என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதை ஒரே ஒரு தடவை லோயரம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

"அம்மா, கோட்டுல சொல்லியாச்சு. ஒங்க மருமக மேல எந்தப் பிழையும் இல்ல. ஆஸ்பத்திரியில பாக்க வேண்டியவங்க பாக்கல. அதான் நடந்திச்சு."

மாமியார் முந்தானையைப் பிசைந்தார். "நான் வேற மாதிரில்ல சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றார். மறுநாள் காலை, நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் முன்பே கவிஷாவைக் குளிப்பாட்டியிருந்தார்.

எதிர்த்தரப்பு மேன்முறையீடு செய்தது. நஷ்டஈடு இன்னும் கைக்கு வரவில்லை. கடைசியாக லோயரம்மாவைப் பார்க்கப் போனபோது அவர் கட்டிலில் மெலிந்து கிடந்தார். வழக்கைக் கண்டியில் இருக்கும் இன்னொரு சட்டத்தரணியிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார். "நல்ல ஆளு. ஆனா வேகமாப் பேசுவாரு. புரியலன்னா திரும்பக் கேளுங்க, வெக்கப்படாதீங்க" என்றார்.

அவரிடமிருந்து என்னோடு இருப்பது ஒரு சொல். பெற்றோராக நாங்கள் வழக்குப் போடச் சட்டம் தந்த காலம் கடந்துவிட்டிருந்ததால், வழக்கை அவர் கவிஷாவின் பெயரில்தான் போட்டார். வழக்காளி அவள். அவளுக்காகப் பேசுகிறவள் என்ற முறையில் என் பெயரோடு 'அடுத்த நண்பர்' என்று எழுதியிருந்தது. "அம்மான்னு போடக் கூடாதா மிஸ்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"சட்டத்துல நீங்க இவளுக்குக் கூட்டாளி. அதுவும் நல்லதுதான் டீச்சர். அம்மான்னா எந்நேரமும் ஏதாவது செஞ்சிக்கிட்டே இருக்கணும். கூட்டாளின்னா சும்மா பக்கத்துல இருந்தாப் போதும்."

மேன்முறையீடு எப்போது முடியும் என்று தெரியவில்லை. மருந்தும் பயிற்சியும் துணி அலசலும் முடிந்து, இனி ஒரு அடி எடுத்துவைக்க முடியாது என்று ஆகிற மாலைகளில், நானும் கவிஷாவின் பாயில் படுத்துக்கொள்கிறேன். எதுவும் செய்வதில்லை. அவள் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிறாள்.