காலடியில் ஒரு லாரி சுவிட்ச்

போன வாரம் என் செல்போன் மண்டையைப் போட்டுவிட்டது. யார் கூப்பிட்டாலும் மணி அடிக்கவில்லை, எடுத்தால் பேச்சும் கேட்கவில்லை. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் ரிப்பேர் கடை இருக்கிறது என்றார்கள், போனேன். கடையை நடத்துவது ஒரு பெண். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பிரித்துப் போட்டுவிட்டு, "ஸ்பீக்கர் போயிருச்சு சார், பத்து நிமிசம் ஒக்காருங்க" என்றார். பற்றவைக்கும் கோலை ஈயத்தில் தொட்டார். வெள்ளையாய் ஒரு இழை புகை எழும்பி என் மூக்குக்கு நேரே வந்தது. அவ்வளவுதான், நான் அந்தக் கடையில் இல்லை.

அந்தப் புகையில் ஒரு இனிப்பு நெடி இருக்கும். ஊதுபத்தியை யாரோ பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கொளுத்தியதுபோல. கீழவாசலில் துளசிராம் கடைக்குள் நுழைந்தால் சட்டையெல்லாம் அந்த நெடிதான். துளசிராம் என் கூட்டாளி, ரேடியோ மெக்கானிக். வீட்டு முன்னறைதான் கடை. உள்ளேயிருந்து அவன் அம்மா சாப்பிடக் கூப்பிடுவார். அவன் அவர்கள் வீட்டுச் சௌராஷ்டிராப் பேச்சில் பதில் சொல்லுவான். ரேடியோவைத் திட்டுவது மட்டும் தமிழில். ஏன்டா என்று கேட்டால், "ரேடியோவுக்கு தமிழ்தான மாப்ள தெரியும்" என்பான்.

எண்பதுகளின் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். நான் அப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். நம்புங்கள். இப்போது இந்தத் தொப்பையைப் பார்த்தால் யாரும் நம்புவதில்லை. பேஸ் என்பது நாலு தடித்த கம்பி போட்ட கிட்டார். பாட்டுக்கு அடியில் தும் தும்மென்று நடந்து போகும். தனியாகக் கேட்டால் ஒன்றுமே இல்லை, நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று தெரியும். அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

குழுவை நடத்தியவர் தங்கவேலு அண்ணே. தங்கமான மனுசன், அதில் சந்தேகமில்லை. யாரையும் வாய் திறந்து போ என்று சொல்லமாட்டார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கச்சேரிக்குப் போகும் வேன் தெப்பக்குளத்து மதிலோரம் நிற்கும். எல்லாரும் ஏறுகிற நேரத்தில் ஒருத்தர் தோளில் கையைப் போட்டு, "வேன்ல எடம் பத்தலப்பா, நீ பஸ்ல வந்துரு" என்பார். அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் புல்லாங்குழல்காரர் ரெண்டு கச்சேரிக்கு பஸ்ஸில் வந்தார். மூணாவது கச்சேரி எந்த ஊர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு வேனில் அந்த இடம் போய்விட்டால் வேறு கதி கிடையாது. அப்பாவுக்கு பம்புசெட் சாமான் கடை. நான் கடைக்கு வராமல் கம்பியைத் தடவிக்கொண்டு திரிகிறேன் என்று அவருக்கு மனசு கொதிக்கும். ஒருநாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டே கேட்டார். "அந்தக் குழுவுல உனக்கு எடம் நெலையா?" நான் நிலைதான் என்றேன். "சித்திரை வரைக்கும் பாரு. நெலைக்கலன்னா கட்டைய மூலைல வச்சிட்டு கடைல வந்து ஒக்காரு." சரி என்று ஒப்புக்கொண்டேன். கார்த்திகையில் சொன்ன சரி அது. சித்திரை எங்கேயோ இருக்கிறது என்ற தைரியம்.

இதில் சிக்கல் என்னவென்றால், நான் வாசிப்பது யாருக்கும் கேட்காது. கிராமத்துக் கச்சேரிகளில் மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். குழாயில் பாட்டு வரும், வயலின் வரும், பாடகி மூச்சு விடுவதுகூட வரும், பேஸ் மட்டும் வராது. அடிச் சத்தம் குழாயில் ஏறவே ஏறாது. நான் விரல் தேய வாசித்துவிட்டு இறங்குவேன், ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். என் தாய்மாமாவே மூணு கச்சேரி கேட்டுவிட்டு, "நீ எப்ப மாப்ள வாசிப்ப?" என்று கேட்டார்.

இதைத் துளசிராமிடம் புலம்பினேன். அவன் யாரிடமோ வாங்கி வைத்திருந்த ஒரு படத்தைக் காட்டினான். கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடலின் வயரிங் படம். "இதைப் போட்டா ஒன் சத்தம் கொழாயையும் கிழிச்சிட்டு வரும் மாப்ள." வெளிநாட்டுப் பெடலெல்லாம் எங்களுக்குக் கண்ணால் பார்க்கக்கூடக் கிடைக்காத காலம். அதனால் அவனே செய்தான். பழைய ரேடியோவிலிருந்து ரெண்டு டிரான்சிஸ்டர், வீட்டு வயரிங்குக்குப் போடும் இரும்பு சுவிட்ச் பெட்டி. காலால் அமுக்கச் சுவிட்ச் வேண்டுமே? பழைய லாரி சாமான் கடையில் டிம்மர் சுவிட்ச் எடுத்தோம். அப்போதெல்லாம் லாரி டிரைவர் இடது காலுக்கடியில் அது இருக்கும், எதிரே வண்டி வந்தால் அமுக்கி வெளிச்சத்தைத் தாழ்த்துவார். லாரிக்காரர் மிதியையே தாங்குகிற சாமான், என் மிதி எம்மாத்திரம். பெட்டிக்கு அப்பா கடையில் மிஞ்சிய பம்புசெட் பச்சைப் பெயிண்டை அடித்தேன். தூக்கினால் ஒரு படிக்கல் கனம். மிதித்தால் டக்கென்று மண்டபம் முழுக்கக் கேட்கும்.

கடையிலேயே ஒரு ரேடியோப் பெட்டியில் மாட்டிச் சோதித்துப் பார்த்தோம். கர்ரென்று ஒரு உறுமல். ரெண்டு பேரும் சிரித்தோம். உள்ளேயிருந்து அவன் அம்மா என்ன உடைந்தது என்று எட்டிப் பார்த்தார்.

அலங்காநல்லூருக்குத் தள்ளி ஒரு கிராமத்தில் கோயில் திருவிழா. விளக்கு வைக்கிற நேரம் கச்சேரி ஆரம்பம். ரெண்டாவது பாட்டில் பெடலை மிதித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை குழாயிலிருந்தும் நான் வந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள். பாட்டு முடிந்து ஒரு பெரியவர் மேடை ஓரமாக வந்து, "தம்பி, எங்க காளை செருமுற மாதிரி ஒண்ணு கேட்டுச்சே, அது நீங்களா?" என்றார். நான்தான் என்றேன். "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று போனார். மாமாவும் வந்திருந்தார். "இம்புட்டு நாளா நீ சும்மா கட்டையச் சொறிஞ்சிக்கிட்டு நிக்கிறேன்னுல்ல நெனச்சேன்." என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த விருது அதுதான். சிரிக்காதீர்கள், அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சந்தோசம் கண்ணை மறைக்கும் என்பார்களே, எனக்குக் காதையும் மறைத்தது. தை பிறந்ததும் அண்ணே புதிதாக ஒருவரைக் கூட்டி வந்தார். ஜெபராஜ். பசுமலைச் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர், சொந்தமாக ஒரு கீபோர்டு வைத்திருந்தார். மரியாதையான ஆள், என்னைவிட மூத்தவராக இருந்தும் என்னை "அண்ணே" என்றார். அவர் வலது கை பாட்டை வாசிக்கும்போது இடது கை பாட்டுக்கு வாகாய் அடியில் நடக்கும். அதாவது என் வேலை. வேனில் ஏற்கெனவே முட்டி மோதித்தான் உட்கார்ந்திருந்தோம்.

பசுமலையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். ஜெபராஜுக்கு அதுதான் முதல் கச்சேரி. அன்றைக்கு நான் ஒரு முடிவோடு போனேன். ஒரு பாட்டு ரெண்டு பாட்டுக்கு இல்லை, முதல் பாட்டிலிருந்து மங்களம் வரைக்கும் பெடலை அமுக்கியே வைத்திருப்பது. நான் இருக்கிறேன் என்று அண்ணனுக்குத் தெரியவேண்டும். மண்டபத்தில் குழாய் இல்லை. ஆளுயரத்துக்கு நல்ல மரப் பெட்டி ஸ்பீக்கர்கள். மேடையில் எனக்குக் கேட்பதற்கு என் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அது கர் கர்ரென்று உறுமிக்கொண்டே இருந்தது. எனக்குப் பரம திருப்தி. பாடகி தனியாகப் பாடும் பாட்டில் அண்ணே கீழே இறங்கி, மண்டபத்தின் கடைசியில் நின்று கைகட்டிக் கேட்பது வழக்கம். அன்றைக்கும் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து என் தோளில் தட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன் பாருங்கள்.

அடுத்த கச்சேரிக்குத் தெப்பக்குளத்துக்குப் போனேன். ஜெபராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அண்ணே என் தோளில் கையைப் போட்டார். தட்டவில்லை, போட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"வேன்ல எடம் பத்தலப்பா."

"சரிண்ணே, பஸ்ல வாரேன்" என்று நானே சொல்லிவிட்டேன். அவரைச் சொல்ல வைக்க எனக்கு மனசில்லை.

பஸ்ஸுக்குப் போகவில்லை. கிட்டாரையும் பச்சைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நேரே கீழவாசல். துளசிராமிடம் அன்றைக்கு ரிப்பேருக்கு ஒரு பெரிய பெட்டி ஸ்பீக்கர் வந்திருந்தது. விசயத்தைக் கேட்டுவிட்டு என் கிட்டாரை அதில் மாட்டினான். "வாசி" என்றான். வாசித்தேன். "கைய வை." ஸ்பீக்கர் காகிதத்துக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தேன். காற்று தள்ளியது. அப்புறம் நடுவில் பெடலை மாட்டி மிதித்தான். கர்ரென்றது. உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை. காகிதம் அசையக்கூட இல்லை.

"கீழ உள்ளத பூராம் தின்னுருது மாப்ள" என்றான். முகம் வெளுத்துப் போயிருந்தது. படம் சாதாரணக் கிட்டாருக்குப் போட்ட படம். சத்தம் உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு சின்ன கண்டென்சர். மேல் சத்தத்தை விடும், அடிச் சத்தத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். பேஸுக்கு அதைப் பெரிதாகப் போட்டிருக்கவேண்டும். நாங்கள் சோதித்தது ரேடியோப் பெட்டி, அதில் அடிச் சத்தம் எப்போதுமே கிடையாது. கிராமத்துக் குழாயிலும் கிடையாது. கிடையாத இடத்தில் போனதை யார் கண்டுபிடிப்பது? பசுமலை மண்டபத்தில், முதல்முறையாக என் சத்தம் முழுசாகக் கேட்டிருக்கக்கூடிய இடத்தில், நானே காலால் மிதித்து அதை அணைத்துவிட்டு நின்றிருக்கிறேன். உறுமல் மட்டும் குழுவில் இருந்த இன்னொரு கிட்டாரோடு கலந்து போயிருக்கும். அடியில் நடந்தது ஜெபராஜின் இடது கை.

துளசிராம் அங்கேயே கண்டென்சரை மாற்றினான். கொண்டைக்கடலை அளவு சாமான். ரெண்டு நிமிச வேலை. மறுபடி கையை வைக்கச் சொன்னான். உறுமலும் இருந்தது, காற்றும் தள்ளியது. "இப்ப சரியா இருக்கு மாப்ள. போயி அண்ணேட்ட சொல்லு."

போனேன். மறுநாள் காலையில் அண்ணே வீட்டு வாசலில் நின்று, கண்டென்சர், படம், ரேடியோப் பெட்டி என்று மூச்சுவிடாமல் சொன்னேன். ஒரு வாய்ப்புக் கொடுங்கண்ணே என்றேன். அண்ணே பொறுமையாகக் கேட்டார். காபி கொடுக்கச் சொன்னார். பிறகு கேட்டார்.

"அப்ப அன்னைக்குப் பூரா நீ வாசிச்சது கீழ கேக்கவே இல்லையா?"

"கேக்கலண்ணே. அதான் சொல்றேன்."

"பேஸ் எங்கன்னு யாரும் வந்து கேக்கலையேப்பா" என்றார்.

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சங்கடப்பட்டுத்தான் சொன்னார், அதுதான் தாங்கமுடியவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். காபியைக் குடித்து முடித்தேன். "போயிட்டு வாரேண்ணே" என்றேன்.

சித்திரை வரைக்கும் காத்திருக்கவில்லை. மாசியிலேயே கடையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா நாற்காலியைத் தள்ளிப் போட்டு இடம் விட்டார். பச்சைப் பெட்டி கனமாக இருந்ததால் கடைக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுக்க வைத்தோம். சரியாகிவிட்ட பெடல், ஒரு மேடைகூட ஏறாமல், வருசக் கணக்கில் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. போகவர இடது காலால் ஒரு மிதி மிதிப்பேன். டக். ஒருநாள் நான் வெளியூர் போயிருந்தபோது பழைய இரும்போடு அதையும் போட்டுவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, பார்த்தால் இரும்புதான்.

இப்போது எந்த வண்டியிலும் காலால் அமுக்கும் டிம்மர் இல்லை, எல்லாம் கைக்குப் போய்விட்டது. மரத்தில் குழாய் கட்டுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். கீழவாசல் வீட்டு முன்னறையில் இப்போது தையல் மெஷின் ஓடுகிறது. துளசிராம் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. கடைசிவரை அந்தக் கண்டென்சர் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவான். தங்கவேலு அண்ணே இல்லை, குழு இல்லை. ஜெபராஜ் எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும்.

"சார், ஆயிருச்சு" என்றார் அந்தப் பெண். புது ஸ்பீக்கர் போட்ட போனில் சோதித்துப் பார்க்க ஒரு பாட்டைத் தட்டினார். பழைய பாட்டு. தெரிந்த பாட்டு. பசுமலையில் நான் வாசித்த பாட்டு. பாடகி குரல் வந்தது, வயலின் வந்தது, தபேலா வந்தது. என் இடம் வந்தபோது விரல் தானாகத் தொடையில் நடந்தது. போனில் அங்கே ஒன்றும் இல்லை. இத்தனூண்டு ஸ்பீக்கரில் எங்கே வரும்.

"எல்லாம் கேக்குதா சார்?"

"கேக்குதும்மா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.