மேல் வரியில் எழுதியது

உயர்தரப் பரீட்சை முடிவு வந்தபின் பல்கலைக்கழக விண்ணப்பம் போட வேண்டும். அதற்கென்று ஒரு கைநூல் விற்கிறார்கள். கணிதப் பிரிவில் படித்தவர்களுக்கு அதில் பொறியியல், நில அளவையியல், கணிய அளவையியல், நகரத் திட்டமிடல், உணவுத் தொழில்நுட்பம் என்று பக்கம் பக்கமாகப் படிப்புகள் இருக்கும். பொறியியலே பல ஊர்களில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. வேண்டியதை விருப்ப வரிசைப்படி போட வேண்டும். மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். கிடைத்துவிட்டால் கீழே உள்ளவற்றைப் பார்க்கவே மாட்டார்கள். இவ்வளவுதான் விதி.

இது எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. விளங்கியும் மாற்றிப் போட்டேன் என்பதுதான் விஷயம்.

எனக்கு வேண்டியிருந்தது பொறியியல். அதிலும் பாலமும் வீதியும் கட்டுகிற சிவில். ஹல்துமுல்லையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் மழைக்காலத்தில் ஒரு தடவை வந்து போனவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவரும் அவர்தான். தண்ணீர் வடியக் கான் வெட்ட வேண்டும், தண்ணீர்க் குழாய் வேண்டும், கூரை மாற்ற வேண்டும் என்று லயத்து ஆட்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். அப்பா முதல் வரியில் கானை மட்டும் எழுதுவார். கூரை கடைசியில் வரும். தோட்டத்தை நடத்தும் தொரை முதல் வரியைத்தான் வாசிப்பார், அது பெரிதாக இருந்தால் கடிதத்தையே ஒதுக்கிவிடுவார் என்பது அவர் அனுபவம். அது பொய்யும் இல்லை. மற்றவர்கள் எழுதிய மனுக்கள் ஆபீசில் உறங்கின. அப்பாவின் மனுவுக்குக் கானாவது வெட்டினார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் போட, டவுனில் போட்டோக்கொப்பியும் எடுத்துக் கொடுக்கிற கொமினிகேஷன் கடைக்கு என்னோடு அவரும் வந்தார். நான் எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தார்.

"என்னா புள்ள, எடுத்த எடுப்புலயே இன்ஜினியரிங்னு போட்டிருக்க?"

"அதானே எனக்கு வேணும்ப்பா."

"வேணும்தான். பெருச மேல பாத்தாங்கன்னா, தோட்டத்துப் புள்ளைக்கு இவ்வளவு ஆசையான்னு தூக்கி ஒரு பக்கம் வச்சிருவாங்க. கீழ உள்ளதும் போயிரும். சின்னத மொதல்ல கேளு."

"கம்ப்யூட்டர்தாம்ப்பா பாக்கும்."

"அந்தக் கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒரு ஆளு ஒக்காந்திருப்பான்ல?"

கைநூல் என் மடியில்தான் இருந்தது. பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டு வாங்கிய கானையும் குழாயையும் பார்த்து வளர்ந்தவள் நான். அச்சடித்த விதியைவிட அவர் சொன்னதுதான் உண்மையாகப் பட்டது. நில அளவையியலை மேலே போட்டேன். பொறியியல் கீழே இறங்கியது.

முதல் தெரிவே கிடைத்தது. அப்பா லயம் முழுக்கச் சொன்னார். "மொதல்ல கேட்டதையே குடுத்துட்டாங்க" என்று காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்திலும் சொன்னாராம். அதே நேரத்தில், ஒவ்வொரு படிப்புக்கும் மாவட்டவாரியாகக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்ற வெட்டுப்புள்ளிகளும் வெளிவந்தன. எங்கள் பதுளை மாவட்டத்தில், இரண்டு ஊர்ப் பொறியியலுக்கு என் புள்ளி தாராளமாகப் போதும். போனில் அந்த அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குளிக்கப் போன இடத்தில் அழுதேன். அப்பா மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். மறுபடி பரீட்சை எழுதியிருக்கலாம். ஆனால் ஏன் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாமல் இருந்துவிட்டேன். அதை நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

நில அளவையியல் ஒன்றும் குறைந்த படிப்பில்லை. இன்று அதில்தான் சாப்பிடுகிறேன். பாலம் வரப்போகிற இடத்தை அளந்து, கட்டை அடித்துவிட்டு வருவேன். பாலத்தை வேறு யாராவது கட்டுவார்கள்.

போன வருஷம் தங்கைக்கு முறை வந்தது. என்னைவிட ஆறு வயது இளையவள், அவளும் கணிதப் பிரிவு. அதே கடைக்கு மூன்று பேரும் போனோம். இந்தத் தடவை வாயைத் திறந்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். நான் ஆரம்பிக்குமுன் அப்பா அவளிடம் சொன்னார்:

"பெருசையே மேல போடு."

"கெடைக்காட்டி?" என்றாள் தங்கை.

"கெடைக்காட்டி அடுத்தத பாப்பாங்க. மொற அப்படித்தான்."

"எப்பத்துல இருந்துப்பா தெரியும்?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீ கேம்பஸ் போன வருஷமே. ஒன் விண்ணப்பப் புத்தகத்த எடுத்து வாசிச்சேன். பொறவு ஸ்கூல் மாஸ்டர்கிட்டயும் கேட்டேன். ஒன் மார்க்குக்கு அது கெடைச்சிருக்கும்னு சொன்னாரு." "ஒரு நாளாச்சும் என்னையத் திட்டுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவ நீ வீட்டுக்கு வாறப்பவும், இன்னைக்குக் கேட்டுருவன்னு நெனைப்பேன். நீ கேக்கவே இல்ல."

என் பெருந்தன்மை அத்தனை வருஷமும் அவருக்குத் தண்டனையாக இருந்திருக்கிறது.

"ஏம்ப்பா அன்னைக்கு அப்படிச் செஞ்சீங்க?" என்றேன். நினைத்ததைவிட உரக்கவே வந்துவிட்டது. போட்டோக்கொப்பி எடுக்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை என் கையைப் பிடித்தாள்.

"விடு, கேக்கட்டும்" என்றார் அப்பா.