பென்சீன் வளையமும் எங்கள் தெரு மாதாவும்

கெமிஸ்ட்ரி புரியவேண்டும் என்று மாதாவிடம் அழுதவள் நான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

திண்டுக்கல்லில்தான் இருக்கிறேன். டிகிரியில் எனக்கு ஒரே ஒரு அரியர், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. மகள் பிறந்ததும் அது அப்படியே கிடந்துவிட்டது. போன வருஷம், இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டார்கள். ஃபெயிலானால் படித்தது அத்தனையும் வீண். டீச்சராகும் ஆசையும் போச்சு.

என்னைப் பாடாய்ப் படுத்தியது பென்சீன். ஆறு கார்பன் சேர்ந்த வளையம், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன். உள்ளே மூன்று இரட்டைப் பிணைப்பு வரைவோம். எனக்கோ இரட்டைப் பிணைப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது, உடைத்து புரோமினைச் சேர்த்துவிடுவேன். மற்றதற்கெல்லாம் அது சரி, பென்சீனுக்குத் தப்பு. ஏன் தப்பு என்பது மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. மனப்பாடம் செய்தும் பார்த்தேன். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் மறுபடி உடைத்தேன்.

அக்டோபர், ஜெபமாலை மாதம். தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியத்தில் ஆறு வீடு. மாதா சுரூபம், அந்தச் சின்னச் சிலை, தினம் ஒரு வீடாகச் சுற்றிவரும். ஒரு நாள் எங்கள் வீட்டு முறை. "அம்மா, பாஸை அப்புறம் பார்த்துக்கலாம். முதலில் எனக்குப் புரிய வைங்க" என்று மன்றாடினேன்.

ஜெபம் முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு வீட்டில் ஒன்றில் இருந்த ஸ்டெல்லா அக்கா குடும்பம் சின்னாளப்பட்டிக்குப் போய்விட்டது. அந்த வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்திருந்தது.

"புதுசா வந்தவுகளுக்குப் பழக்கமில்ல. பேசாம மாதாவ ஒரே வீட்டுல வச்சிருவோம்" என்றார் ஜெபத்துக்கு வந்திருந்த சேவியர் அண்ணன்.

எதிர்வீட்டு பிலோவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, அப்புறம் மத்தவுக எதுக்கு வரப்போறாக? அன்பியமே கலைஞ்சு போகும். ஸ்டெல்லா அக்கா எடத்துல இவுக வரட்டும். மாதா எப்பவும் போலச் சுத்தட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வீடுதான் கார்பன், குடியிருப்பவர்கள் ஹைட்ரஜன். சுற்றிவரும் மாதாதான் இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான்கள். அவை எந்த ஒரு பிணைப்புக்கும் சொந்தமில்லை, ஆறு கார்பனுக்கும் பொது. அதுதான் அரோமேட்டிக் தன்மை, பென்சீனின் பலமே அதுதான். இரட்டைப் பிணைப்பை உடைத்து புரோமினைச் சேர்த்தால் அந்தப் பொதுச்சொத்து போய்விடும். அதனால் ஒரு ஹைட்ரஜன் வெளியே போகிறது, அந்த இடத்தில் புரோமின் வருகிறது. பதிலீட்டு வினை! அம்புட்டுத்தான்! கரண்டியைப் பிடித்தபடி அழுதேன்.

காரணம் கேட்ட பிலோவிடம் சொன்னேன். "ஆனா எலக்ட்ரான் முறை வச்சுப் போகாது பிலோ, ஒரே நேரத்துல எல்லா வீட்டுலயும் இருக்கும்" என்றேன்.

"மாதாவும் அப்படித்தானடி இருக்காக" என்றாள் அவள்.

பரீட்சையில் பென்சீன் கேள்வி வந்தது. நான் எதையும் உடைக்கவில்லை. பாஸ். இப்போது பி.எட். படிக்கிறேன். ஆண்டவருக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி.

இந்த அக்டோபரிலும் மாதா எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நீங்களும் வாருங்கள். புரியாத பாடம் எதுவோ, வெட்கப்படாமல் அதையும் கையோடு கொண்டுவாருங்கள்.