சுரண்டைக் காட்டில் முள்ளெலி பார்க்கப் போன சனிக்கிழமை

சிட்டு, உன் போனில் உன் பக்கத்தைத் திறந்து நானே தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே.

இந்தப் பக்கத்தைப் பார்த்து ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதுவது சிட்டு இல்லை, அவள் அம்மா. ஐந்தாவது வரைதான் படித்திருக்கிறேன். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியில், சீசனுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கடை போடுகிறேன். சிட்டு போன மாசியில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனாள். அவள் தலைப்பு மட்டும் போட்டு வைத்திருந்த பயணம் ஒன்று இதில் கிடந்தது. 'அம்மாவுக்கு முள்ளெலி காட்டுதல்' என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டபோதெல்லாம் கடை, சீசன் என்று தட்டிக் கழித்தவள் நான். ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள், சனிக்கிழமை, தனியாகப் போய்வந்தேன்.

முள்ளெலி உள்ளங்கையில் அடங்குகிற உயிர். முதுகு முழுக்க முள். அருவிச் சாரல் விழுகிற எங்கள் பக்கம் அது இருக்காது. காய்ந்த செம்மண், மணல் ஓடை, உடைமரம் உள்ள கிழக்குப் பக்கம்தான் அதற்கு ஆகும். சிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சராக இருந்தாள். லீவு நாளில் அந்தக் காட்டுக்குப் போய் எலி வளைகளை எண்ணி நோட்டில் எழுதுவாள்.

எங்கள் வீட்டில் ஒரு முள்ளெலித் தோல் உண்டு. குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தால் அதில் மூன்று முள்ளைப் பிடுங்கிச் சுட்டு, கரியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவோம். சிட்டுவுக்கு மூன்று வயதில் அந்த இருமல் வந்து, இருமி இருமி உதடு நீலமாகிப் போனது. அப்போது வாங்கிய தோல். பிறகு தெருவில் எந்தப் பிள்ளை இருமினாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். கைக்குக் கை கொடுக்கமாட்டோம், முறத்தில் வைத்துத்தான் கொடுப்போம். அதில் எந்தப் பக்கத்து வழுக்கை யார் பிள்ளைக்குப் பிடுங்கியது என்று இன்றைக்கும் சொல்வேன்.

சிட்டு படித்து முடித்து வந்தபின் அந்தத் தோலால்தான் எங்களுக்குள் சண்டை. "ஒவ்வொரு வீட்டுத் தோலும் ஒரு எலிம்மா. வீட்டுக்கு ஒண்ணுன்னா காட்டுல என்ன மிஞ்சும்?" என்பாள். "அதுதான் உன்னைப் பொழைக்க வச்சுது" என்பேன். "ஒருக்க உயிரோட பாரு. பிறகு இதத் தொடமாட்ட" என்பாள். அந்தத் தோலையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று கிளம்பும்போது தெரியாது.

குற்றாலத்தில் மதியம் இரண்டு பத்துக்கு டவுன் பஸ். தென்காசிக்கு ஐந்து கிலோமீட்டர், பெண்களுக்குக் காசு இல்லை. தென்காசியில் இரண்டு ஐம்பதுக்கு ஆய்க்குடி வழியாகச் சுரண்டை போகிற பஸ் கிடைத்தது. பதினெட்டு கிலோமீட்டர்தான், ஆனால் நின்று நின்று போய் மூன்றே முக்காலுக்கு இறக்கிவிட்டான். ஆய்க்குடி தாண்டியதும் இடதுபக்க ஜன்னலில் உட்காருங்கள். மலை பின்னால் போய்க்கொண்டே இருக்கும், காற்று காய்ந்துகொண்டே வரும். சிட்டு எப்போதும் அந்தப் பக்கம்தான் உட்காருவாளாம், எழுதி வைத்திருக்கிறாள். சுரண்டையில் டீயும் இரண்டு உளுந்தவடையும் முப்பது ரூபாய்.

அவள் போனில் 'நிசார் அண்ணாச்சி ஆட்டோ' என்று இருந்த நம்பருக்கு முந்தின நாளே பேசியிருந்தேன். போக வர பதினாறு கிலோமீட்டர், காத்திருப்போடு ஐநூறு ரூபாய். ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"எலியப் பாக்கவா ஐநூறு ரூவா? எங்க வீட்டு அடுப்படிக்கு வாங்க, ஓசியிலயே காட்டுதேன்."

"இது முள்ளெலி அண்ணாச்சி."

"உங்க மவகிட்டயும் இதத்தான் சொன்னேன். அவளும் இதையேதான் சொன்னா" என்றார். வண்டியைக் கிளப்பினார்.

கரண்டு எடுக்கிற காற்றாடிகளைத் தாண்டி, ஓடைக்கரையில் இறங்கினேன். சிட்டு நோட்டில் பாதி வளைகள் இருந்த கரையை ஜே.சி.பி. வைத்துத் தட்டிவிட்டிருந்தார்கள். பிளாட் கல் நட்டிருந்தது. மிச்சக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாடத்தி அக்காவை, சிட்டு எழுதி வைத்திருந்ததை வைத்தே அடையாளம் கண்டேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மகள் படம் பிடித்த மாதிரி எழுதி வைத்திருந்தாள்: காதில் பாம்படம் இல்லாத ஓட்டை, கையில் ஆட்டுக்குத் தழை வளைக்கிற தொரட்டிக் கம்பு.

"வளை எண்ணுத புள்ளையோட அம்மையா? எங்க அவ? ஆடிக்கு வாரேம்னு சொன்னா, ஆளயே காணும்?"

சொன்னேன். தொரட்டியைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு இருவது வளை காட்டித் தந்தா. நான் பொறந்த காட்ட எனக்கே காட்டித் தந்தா" என்றாள்.

மஞ்சப்பையில் என்ன என்று அவள் கேட்டதற்கு நான் உண்மையைச் சொன்னதுதான் தப்பாகிப் போனது. உடனே எழுந்துவிட்டாள். அவள் மகள் வயிற்றுப் பேத்தி, ஏழு மாதக் குழந்தை, பத்து நாளாக இருமுகிறதாம். "நான் உனக்கு உசிரோட ஒண்ணு காட்டுதேன். நீ எனக்கு அந்தத் தோலக் குடுத்துட்டுப் போ" என்றாள். ஒருத்தி காட்டைத் தருகிறாள், இன்னொருத்தி தோலைத் தருகிறாள், சரிதானே என்று எனக்கும் தோன்றியது. தலையாட்டினேன்.

ஆறு இருபதுக்கு, வெளிச்சம் செத்துக்கொண்டிருந்த நேரம், ஒரு உடைமரத்தின் அடியிலிருந்து வந்தது. மழைக்கு ஈசல் பறந்திருந்தது. மூக்கை ஆட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. காது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தோலில் காது இல்லையே. நான் கால் மாற்றி வைத்தேன். உடனே சுருண்டு பந்தாகிவிட்டது. சிட்டு எழுதியிருந்தாள்: பயந்தால் இது ஓடாது, சுருண்டுகொள்ளும். நரி வந்தால் அது போதும். கார் வந்தாலும் அதையேதான் செய்யும், மனுசன் வந்தாலும் அதையேதான். வறட்சியில் வாரக் கணக்கில் தின்னாமல் வளைக்குள் கிடக்கும், மழைக்குத்தான் எழும்பும். ஒரு ஈத்துக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான். பிறக்கும்போது அதன் முள் வெள்ளையாக, மெத்தென்று இருக்குமாம்.

பந்து மெல்ல மூச்சு விட்டது. முள்ளெல்லாம் ஏறி இறங்கியது. இருமி ஓய்ந்து தூங்குகிற சிட்டுவின் முதுகும் இப்படித்தான் ஏறி இறங்கும். அது விரிந்து போகும்வரை அசையாமல் நின்றேன்.

பிறகு தொரட்டியை வாங்கி, இடிந்து கிடந்த ஒரு பழைய வளையைத் தோண்டித் தோலை உள்ளே வைத்து மண்ணைத் தள்ளினேன்.

"ஏட்டி! பேச்சு மாறுதியே! எம்பேத்திக்குல்லா கேட்டேன்!"

"பிள்ளையத் தூக்கிட்டு ஆட்டோவுல ஏறுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"தோலத் தந்துட்டுச் சொல்லு."

"ஏழு மாசப் பிள்ளைக்கு எம்மகள மாதிரி ஆயிரக்கூடாது. ஏறு."

ஏறினாள். ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு, அவள் வீட்டிலிருந்து மகளையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டோம். வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் வந்தாள். ஏழரைக்குச் சுரண்டை ஆஸ்பத்திரி. ஒரு தடுப்பூசி போடாமல் விட்டிருந்தார்கள். டாக்டரம்மா மருந்து கொடுத்து, ராத்திரி படுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். நிசார் அண்ணாச்சி போய் எல்லாருக்கும் இட்லி வாங்கி வந்தார். "இதுக்கு வெயிட்டிங் சார்ஜ் கிடையாது" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது மாடத்தி அக்காவிடம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். சிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், வீட்டில் மூன்று முள்ளைச் சுட்டுக் கரியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனேன். அவளுக்குத் தெரியாமல் பாலில் கலந்து கொடுத்தேன். சளிக்கு அது கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். அவள் வேண்டாம் என்றதை அவளுக்கே ஏமாற்றிக் கொடுத்தேன் என்பது எனக்குள்ளேயே கிடந்தது.

மாடத்தி அக்கா குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "சுட்ட முள்ளு மயிரு பொசுங்குன மாதிரில்லா நாறும். அவளுக்கா தெரியாது?"

போகிறவர்களுக்குச் சில விவரம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் போங்கள். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், கண் கூசாமல் இருக்கும். தொடாதீர்கள், தூக்கிப் படம் எடுக்காதீர்கள். திரும்பும்போது ஆட்டோவை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், ரோட்டில் சுருண்டு கிடக்கும். காட்டின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை, சுரண்டையில் கேட்டால் ஆளைப் பார்த்துச் சொல்வார்கள். ராத்திரி பஸ்ஸை நம்பாதீர்கள். நான் காலையில்தான் வந்தேன். யாரும் புதிதாகத் தோல் வாங்காதீர்கள், பிள்ளை இருமினால் நேரே டாக்டரிடம் போங்கள். மாடத்தி அக்கா திங்கட்கிழமை போன் பண்ணினாள். குழந்தை பால் குடிக்கிறதாம். என் மேல் கோபம் இன்னும் போகவில்லையாம்.

சிட்டு, நீ சின்ன வயசிலிருந்தே பாலை முழுசாகக் குடித்தவள் இல்லை. அடியில் நாலு விரல் விட்டுவிடுவாய். அன்றைக்கு மட்டும் ஒரு சொட்டு விடாமல் குடித்து, டம்ளரை என் கையில் கொடுத்து, என்னையே பார்த்தாய். தெரிந்தேதான் குடித்தாயா?