வேலியைத் தள்ளும் மனிதன்

சலூனில் அவரைப் பூக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். பூ மாதிரிக் கை, கத்தி கன்னத்தில் பட்டதே தெரியவில்லை என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் விளையாட்டாகச் சொல்லப்போய், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. வந்த புதிதில் முடி கூட்டினார், துண்டு துவைத்தார். பிறகுதான் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். இப்போது முதலாளியின் நாற்காலி காலியாக இருந்தாலும், "இருக்கட்டும், பூக்கை வரட்டும்" என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. முதலாளிக்கு அதில் உள்ளுக்குள் லேசான புகைச்சல். ஆனால் நல்ல மனுஷர், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

சண்டைக்குத் தப்பி எல்லை தாண்டி வந்தவர் அவர் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைத் துருவிக் கேட்டதில்லை. அவரும் வாய் திறந்ததில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். கைக்குழந்தையாகக் கொண்டுவந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இந்த ஊர்ப் பேச்சை அவள் பேசுகிற வேகத்துக்கு அப்பாவால் ஈடுகொடுக்க முடியாது.

ஒருநாள் மதியம், பஸ் டிரைவர் ஒருவருக்கு நுரை தடவிக்கொண்டிருந்தார் பூக்கை. வாராவாரம் வருகிற மனிதர், உட்கார்ந்த மாத்திரத்தில் பேச ஆரம்பிப்பவர். சலூனில் டிவி பின்சுவரில் இருந்ததால் நாற்காலியில் இருப்பவர்கள் செய்தியைக் கண்ணாடியில்தான் பார்ப்பார்கள். எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும்.

நகரத்தின் இன்னொரு கோடியில் ஒரு கடைக்காரரை யாரோ கத்தியால் குத்திவிட்டார்களாம். குத்தியவன் அகதி என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்களாம். ஆள் யாரென்று தெரியவில்லை, அவன் படமும் சேனலிடம் இல்லை. படம் இல்லாமல் டிவி எவ்வளவு நேரம்தான் பேசும்? பழைய படம் ஒன்றைத் தேடியெடுத்துப் போட்டிருந்தார்கள்.

எல்லையில் கம்பிவேலி ஒன்று சாய்கிறது. பின்னால் பெருங்கூட்டம். எல்லோருக்கும் முன்னால் தாடிக்காரன் ஒருவன், கண் பிதுங்க, வாய் பிளந்து கத்தியபடி வேலியைத் தள்ளுகிறான். அந்த இடத்தை மட்டும் மெதுவாக ஓட்டினார்கள். பின்னணியில் திடும் திடும் என்று ஒரு இசை.

பூக்கையின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தாடிக்காரன் அவர்தான்.

அன்றைக்கு மனைவியையும் குழந்தையையும் கூட்டம் வேலிக்கு அந்தப் பக்கம் அடித்துக்கொண்டு போய்விட்டது. குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது, ஆளைக் காணவில்லை. அவர் கத்தியது மனைவியின் பெயரை. அடுத்த நிமிஷமே ஒரு காவலர் அவர் கையைப் பிடித்து இழுத்து, அவளிடம் கொண்டுபோய் விட்டார். கேமரா அங்கேயேதான் இருந்தது. ஆனால் டிவியில் அதற்குள் படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து வேலி சாய்ந்தது.

"பாரேன், வெறி பிடிச்ச மாதிரி வர்றான்" என்றார் டிரைவர். "இவனுங்களையெல்லாம் வந்த வழியே அனுப்பணும்." பிறகு கண்ணாடியில் பூக்கையைப் பார்த்து, "உன்னைச் சொல்லலப்பா. நீ நம்ம ஆளு" என்றார்.

அன்றிரவு வீட்டில் மனைவி கேட்டாள்: "நீங்க ஒண்ணும் செய்யலையே, எதுக்கு இப்படிப் பயப்படுறீங்க?"

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்."

தாடி எப்போதோ போய்விட்டது. முன்நெற்றியும் ஏறிவிட்டது. ஆனால் இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு, மூக்கு, வாய் எல்லாம் அதே. மறுநாளிலிருந்து இருமல் என்று சொல்லி முகக்கவசம் போட்டுக்கொண்டார். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டார். தெருவில் யாராவது இரண்டாம் முறை பார்த்தால் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவார். மகளை வேறு வழியாகப் பள்ளிக்கு அழைத்துப் போனார். "இது சுத்து வழிப்பா" என்று அவள் முணுமுணுத்தாள்.

சலூனிலும் காற்று மாறியிருந்தது. கழுத்தில் கத்தி வைத்தால் கண்ணை மூடிச் சொக்கிப்போகிறவர்கள் இப்போது கண்ணைத் திறந்தபடி கண்ணாடியில் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொறுக்க முடியாமல் மனைவியைக் கூட்டிக்கொண்டு சேனல் அலுவலகத்துக்கே போனார். கழுத்தில் அட்டை தொங்க ஒரு இளம்பெண் வந்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டாள். கெட்ட பெண்ணாகத் தெரியவில்லை.

"அது பழைய படம் சார். நீங்கதான் குத்தினீங்கன்னு நாங்க எங்கயும் சொல்லலையே?"

"சொல்லலம்மா. குத்தினதைப் பத்திப் பேசும்போதெல்லாம் என்னைக் காட்டுறீங்க."

"படத்தை எடுக்கிறது என் கையில இல்ல சார். முகத்தை வேணா மறைக்கச் சொல்றேன்."

சொன்னபடியே மறைத்தார்கள். மறுநாள் வேலியைத் தள்ளுகிற மனிதனின் முகத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் மிதந்தன. அதைப் பார்த்து முதலாளியே சொன்னார்: "அட, மூஞ்சியை மறைச்சுட்டானுங்களே. அப்போ குத்தினவன் இவனேதான் போலிருக்கு."

பூக்கை தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டார்.

அந்த வாரமே அது நடந்தது. டிரைவர் நாற்காலியில் இருந்தார், பாதி முகம் மழித்தாகிவிட்டது. வாடிக்கையாக வருகிற மருந்துக்கடைக்காரர் ஒருவர் கைபேசியை நீட்டியபடி உள்ளே வந்தார். மறைக்காத பழைய படத்தை எங்கிருந்தோ பிடித்திருந்தார்.

"பூக்கை, அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் கழட்டு."

முதலாளியின் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. பூக்கைக்கு ஓடிவிடலாமா என்று ஒரு நினைப்பு, ஓடினால் அதையும் யாராவது படம் எடுப்பார்கள் என்று இன்னொரு நினைப்பு. முதலில் கையிலிருந்த சவரக்கத்தியை மடக்கி, எல்லோரும் பார்க்கிற மாதிரி மெதுவாகத் தட்டில் வைத்தார். பிறகுதான் முகக்கவசத்தைக் கழற்றினார். தொப்பியையும் எடுத்தார்.

"நான்தான்" என்றார். "பொண்டாட்டி புள்ளையைக் காணோம்னு அவ பேரைச் சொல்லிக் கத்திட்டிருந்தேன். நான் யாரையும் குத்தல."

மருந்துக்கடைக்காரர் முகத்தையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார்கள்.

டிரைவர் மட்டும் அசையவில்லை. அவர் காதோரம் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"கிடைச்சாங்களா?" என்றார்.

"யாரு?"

"உன் பொண்டாட்டி புள்ளைய்யா."

"கிடைச்சாங்க அண்ணே."

"அப்ப மிச்சத்தை முடி. பாதி மூஞ்சியோட நான் எப்படிப் பஸ் ஓட்டுறது?"

பூக்கை கத்தியைத் திரும்ப எடுத்தார். அன்றைக்குத்தான் முதல்தடவையாக ஒரு வாடிக்கையாளரின் தாடையில் கீறல் விழுந்தது. டிரைவர் பஞ்சை வாங்கித் தானே அழுத்திக்கொண்டார்.

முதலாளிதான் சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதப்பா. இது அடங்குற வரைக்கும் பின்னால துண்டு துவைக்கிற வேலையைப் பாரு." பூக்கை தலையாட்டினார். வேலை போகாததே பெரிது என்று மனைவி சொன்னாள். ஆனால் அன்று அவளும் வாசல் தாழ்ப்பாளை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

பிறகு போலீஸ் ஆளைப் பிடித்தது. அகதி இல்லை, கடைக்காரரோடு முன்பு கூட்டு வியாபாரம் செய்தவன். சேனல் அதை மழை எச்சரிக்கைக்கு முன்னால் ஒரே வரியில் சொல்லி முடித்தது. படம் எதுவும் போடவில்லை. மருந்துக்கடைக்காரர் அதற்கப்புறம் வேறு சலூனுக்குப் போக ஆரம்பித்தார். அங்கே போய் என்ன சொன்னாரோ தெரியாது.

பூக்கை தன் நாற்காலிக்குத் திரும்பினார். முகக்கவசம் போடவில்லை. ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் வருகிறவர் யாரென்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

மழை விட்ட ஒரு காலையில், எல்லையில் புதிதாக ஒரு கூட்டம் வந்து சேர்ந்ததாக டிவி சொன்னது. இந்த முறை புதிய படம். ஒரு பெண் ஒரு சிறுமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடுகிறாள். நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க, பெத்த புள்ளைய எப்படித் தரதரன்னு இழுத்துட்டு வர்றா" என்றார் அவர்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பூக்கை நினைத்தார். கத்தியை நுரையிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவ இழுக்கல அண்ணே" என்றார். "தொலைஞ்சுடாம பிடிச்சிட்டிருக்கா."

புதியவர் கண்ணாடியில் அவரை நிமிர்ந்து பார்த்தார். முதலாளியும் திரும்பிப் பார்த்தார். பூக்கை கத்தியைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "கிருதாவைக் கொஞ்சம் இறக்கி வைக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டார்.