முதலில் அங்கேதான் போனாள்

ஊரில் போர் முடிந்த வருடத்தின் இலையுதிர்காலத்தில், ஒரு காலை, எங்கள் காரின் முன் கண்ணாடியில் சின்ன டேப் துண்டு ஒன்று ஒட்டியிருப்பதைக் கண்டேன். குப்பை என்று நினைத்து உரிக்கக் கை நீட்டினேன். தொட வேண்டாம் என்றாள் மகள், டேனிஷில். உள்ளே ஈரம் போகக்கூடாதாம். முதல் நாள் பின்னேரம், அவள் ஓட்டிப் போகையில், புதிதாகத் தார் போட்ட தெருவில், முன்னால் போன லொறியின் சில்லிலிருந்து கல் ஒன்று தெறித்திருக்கிறது. டேப்புக்கு அடியில் சுண்டுவிரல் நகமளவு வெடிப்பு, நட்சத்திரம் போல.

"ஆர் இதை ஒட்டினது?"

"அக்கா."

அக்கா என்பது கோயம்புத்தூரிலிருந்து வந்து, பிராண்டேயில் காற்றாலை இறக்கைகள் செய்யும் இடத்தில் வேலை பார்த்த ஒரு பொறியியலாளர். கணவரோடும் கைக்குழந்தையோடும் எங்கள் ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் இருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவென்று கோடையில் அங்கே போகத் தொடங்கிய மகள், குழந்தை பாட்டியோடு கோயம்புத்தூருக்குப் போன பிறகும் போய்க்கொண்டிருந்தாள். ஓட்டுநர் உரிமம் கிடைத்ததும் அடிக்கடி போனாள்.

கல் பட்ட இடத்திலிருந்து அந்த வீட்டுக்குப் போவதென்றால் எங்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். நான் அந்த நேரம் வீட்டில் இருந்தேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

நீங்கள் அழுவீர்கள் என்றாள், மறுபடியும் டேனிஷில்.

நான் அழவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அன்று முழுவதும் கட்டில் விரிப்புகளை மாற்றிக்கொண்டே, அவள் எந்தச் சொற்களில் அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். பயந்துபோனேன் என்று சொல்லியிருப்பாளா? அவர் தோளில் கை போட்டிருப்பாரா? தண்ணீர் கொடுத்திருப்பாரா? எனக்குச் சேர வேண்டிய ஒன்றை வேறொருவர் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்தது போல இருந்தது.

வார இறுதியில் உறைபனி வரும் என்று செய்தியில் சொன்னார்கள். குளிர் கண்ணாடியை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் வந்த புதிதில் என் கணவர் பனி பிடித்த கண்ணாடியில் கேத்தலோடு சுடுதண்ணீரை ஊற்ற, அது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கீறிக்கொண்டு போனது. காப்புறுதியில் செய்யலாம் என்று கார்க் கண்ணாடி திருத்தும் ஒரு வேலைத்தலத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுத்த மாதம்தான் இடம் இருக்கிறது என்றார்கள். அதற்குள் அக்கா சனிக்கிழமை செய்வார் என்றாள் மகள், டேனிஷில். அவரிடம் அதற்கான சாமான் இருக்கிறதாம்.

எனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் கூட அவர்தான் இருந்தார். நானும் வருகிறேன் என்றேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் மகிழ்ச்சி இல்லை.

அவர்களுடைய கராஜில் காரை விட்டோம். உள்ளே ஹீட்டர் போட்டு முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தார். எனக்கு ஒரு நாற்காலி, மடியில் போடப் போர்வை, கையில் தேநீர். அந்த உபசரிப்பைக் கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஆட்டோ ஓட்டுற மாதிரி லாரி பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போனா கல்லு வராம பூவா வரும், கண்ணு?" என்று மகளைக் கேட்டார்.

"நான் ஒட்டிக்கொண்டு போகேல்ல. லொறிதான் என்னை விட்டுப் போகேல்ல," என்றாள் மகள். தமிழில்.

அவர் சிரித்தார். மகளும் சிரித்தாள். என் வீட்டில் சோறு வேண்டுமா என்று கேட்டால் டேனிஷில் 'யா', 'நை' என்று தலையாட்டும் பிள்ளை, இங்கே பகிடி விட்டுக்கொண்டிருந்தது.

அவர் டேப்பை உரித்தார். வெடிப்பின் மேல் ஒரு சிறிய குழாயை உறிஞ்சு பிடியோடு பொருத்தி, திருகித் திருகி உள்ளே இருந்த காற்றை வெளியே எடுத்தார். பிறகு ரெசின் என்ற பசையை உள்ளே இறக்கினார். காற்றாலை இறக்கைகளில் இதைவிடப் பெரிய குமிழியெல்லாம் எடுத்திருக்கிறேன் என்றார். மகள் காருக்குள் இருந்து டார்ச் பிடித்தாள். "போகுது, போகுது... அந்தக் கால் மட்டும் இன்னும் இருக்கு அக்கா." நட்சத்திரத்தின் கால்கள் ஒவ்வொன்றாக மறைவதை அவர்கள் இருவரும் கண்ணாடியின் இரண்டு பக்கமும் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். நான் தேநீரைப் பார்த்தேன்.

அப்போது அவருடைய தொலைபேசி அடித்தது. எடுக்கக் கை இல்லை என்று மகளிடம் சொல்ல, அவள் யன்னலால் கை நீட்டி அதைச் சத்தமாகப் போட்டு காரின் மேல் வைத்தாள். கோயம்புத்தூரிலிருந்து அவருடைய தாய். குழந்தைக்கு இரண்டாவது பல் முளைத்துவிட்டதாம். வாழைக்காய் பொரித்தாயா, புளி தீர்ந்துவிட்டதா, அங்கே இன்னும் குளிரவில்லையா?

"அந்தப் பொண்ணு இருக்குதா? சாப்டியா கண்ணு?"

"ஓம் அம்மம்மா, சாப்பிட்டன். நீங்கள்?"

என் மகள் யாரோ ஒருவருடைய தாயை அம்மம்மா என்று கூப்பிட்டாள். ஒரு தொலைபேசி அடிக்கிறது, பல் முளைத்ததைச் சொல்கிறது, அணைகிறது. எங்கள் வீட்டில் போல யாரும் எழுந்து நிற்கவில்லை. யாரும் சுவரைப் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் அது ஒரு சாதாரண சாமான், கரண்டி போல. நான் அந்தப் பெண்ணின் வேலையைப் பார்த்தோ வீட்டைப் பார்த்தோ பொறாமைப்படவில்லை. அவருடைய தொலைபேசியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

"உங்களுக்கென்ன," என்றேன். "திரும்பிப் போக ஊர் இருக்கு. கதைக்க ஆக்கள் இருக்கினம்."

என் குரல் எனக்கே கூராகக் கேட்டது. அவர் திருகிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ஆமாங்க அக்கா," என்றார். அவ்வளவுதான். அதில் கோபம் இல்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

சிறிது நேரத்தில் என் பைக்குள் என் தொலைபேசி அடித்தது. போரில் அகப்பட்ட என் தம்பி இனி இல்லை என்ற செய்தி ஜூனிலேயே வந்து முடிந்துவிட்டது. இனி வர ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் எழும்பிவிட்டேன். தேநீர் போர்வையில் கொட்டியது. நிமிர்ந்தபோது காருக்குள் மகளைக் கண்டேன். டார்ச் அணைந்திருந்தது. இரண்டு கைகளாலும் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்தது எங்கள் தேவாலயச் சபையில் பாடுகிற ஒரு சகோதரி. ஞாயிற்றுக்கிழமை ரோல்ஸ் கொண்டு வருகிறீர்களா என்று கேட்டார். கொண்டு வருகிறேன் என்றேன். மகள் டார்ச்சை மறுபடி போட்டாள்.

ஊதா விளக்கைப் பிடித்து ரெசினை இறுக வைத்து, பிளேடால் சுரண்டித் துடைத்ததும், ஒரு மங்கலான புள்ளிதான் மிச்சம் இருந்தது. வெடிப்பு இனி ஓடாது என்றார் அவர். நான் நன்றி சொன்னேன். போர்வையைத் துவைத்துத் தருகிறேன் என்றேன். அவர் விடவில்லை.

திரும்பும்போது மகள் ஓட்டினாள். வயல்கள் கறுத்துக்கொண்டு வந்தன. கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

"அங்க போனா மட்டும் உனக்குத் தமிழ் வருது."

அவள் சந்தியில் காரை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு தமிழிலேயே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எங்கட வீட்டில ஆராவது தமிழில கதைக்கத் தொடங்கினா, நான் முதல் உங்கட முகத்தைத்தான் பாப்பன். ஆர் செத்தது எண்டு."

"அங்க?"

"அங்க சும்மா கதைப்பம்."

அந்த வருடம் முழுவதும் டிவியும் தொலைபேசியும் போரை நிறுத்தக் கேட்டுப் போன ஊர்வலங்களுக்கான பஸ்ஸும் தவிர எங்கள் வீட்டில் வேறு பேச்சு இருந்ததா என்று நினைத்துப் பார்த்தேன். இருந்திருக்கும். ஞாபகம் வரவில்லை.

"அப்ப நான் என்ன கதைக்கிறது?"

"ஏதாவது. தேவையில்லாத கதை."

தேட வேண்டியிருந்தது. கடைசியில், இல்லத்தில் இருக்கும் ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் இருப்பவரின் தட்டில் உருளைக்கிழங்கு பெரிதாக இருக்கிறது என்று தினமும் முறையிடுவார். தட்டை மாற்றி வைத்தால், இப்போது அந்த ஆளுக்குத்தான் பெரியது வந்துவிட்டது என்பார்.

மகள் சிரிக்கவில்லை. "பிறகு?" என்றாள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவள் கேட்டுவிட்டாள். ஆகவே ஒரு நாள் மற்றக் கிழவர் பொறுக்க முடியாமல் உருளைக்கிழங்கை மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார் என்று சொன்னேன். அவள் மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். கார் எங்கள் வாசலுக்கு வந்து நின்றபோது, கதையில் அந்தப் பெட்டியை இன்னும் யாரும் திறந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அவள் அங்கே போனாள். யன்னலில் நின்று பார்த்தேன், வயிறு எரிந்தது. சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். ஆகவே ரொட்டிக்கு மாக் குழைத்தபடி, கிழவரின் அந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டியை யாரைக் கொண்டு திறக்க வைப்பது என்று யோசிக்கத் தொடங்கினேன்.