கஞ்சி போட்ட கூடாரம்

அந்த யோசனை எனக்கு வந்தபோது நான் ஒரு பாவுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் விடியும் வேளையில் பாவு போடுவார்கள். புடவைக்கு வேண்டிய நீளவாக்கு இழைகள் அத்தனையையும் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, குறுக்குக் கழிகளின் மேல் நிறுத்தி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அன்று அரக்கு நிறப் பாவு. அறுந்து தொங்கிய ஓர் இழையைப் பிடிக்க அடியில் புகுந்தவன், வேலை முடிந்தும் வெளியே வராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேலே இழைகளின் ஊடாக வானம் சிவப்பாக வடிந்துகொண்டிருந்தது. காற்று வந்தபோது கூரை முழுவதும் ஒரே மூச்சாக ஏறி இறங்கியது. தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. இப்படி ஒன்றைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால், விரிக்கிற இடமெல்லாம் வீடு என்று தோன்றியது.

பாவின் மறுபக்கம் கஞ்சி தடவிக்கொண்டிருந்த அண்ணியிடம் சொன்னேன்: "அண்ணி, இதுக்குள்ளயே படுத்துத் தூங்கலாம் போல இருக்குது."

"தூங்குங்க தம்பி. உங்க நைனா வந்து பாவோட சேத்து உங்களையும் சுருட்டிக்கினு போயிடுவாரு."

நைனா என்றால் என் அப்பா. அண்ணி, என் அண்ணன் கட்டிக்கொண்டு வந்தவர்; ஆரணிக்காரர். என்னைவிடச் சில வயதுதான் பெரியவர். அண்ணன் நாள் முழுதும் தறியில் உட்கார்ந்து மொத்தமாகப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்தக் குறையையும் சேர்த்து அண்ணி ஈடுகட்டிவிடுவார். ஒரு பேச்சை எதிராளி முடிக்கும் முன்பே அதற்குப் பதிலும், அந்தப் பதிலுக்கு மறுகேள்வியும் அவரிடம் தயாராக இருக்கும். பிறந்த வீட்டில் அவரை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்களாம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள் என்பதில் அவருக்கு ஒரு கோபம் உண்டு. அதை அவர் சொன்னதில்லை, நான் எதைப் படித்தாலும் "அப்புறம்?" என்று கேட்கிற விதத்தில் தெரியும்.

எனக்கு அப்போது ஒரே கவலை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி வேலை கிடைத்திருந்தது. தென்கடலோர மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்க்கும் வேலை. மாசியில் சேர வேண்டும். நைனாவோ கடைத்தெருவில் ஒரு பட்டுக்கடையில் எனக்காகப் பேசி வைத்திருந்தார். நிழலில் உட்கார்ந்து கணக்கு எழுதலாம், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். எந்த வேலை என்று அந்தத் தை மாதத்துக்குள் முடிவாக வேண்டும். முடிவு என் கையில் இல்லை.

"தலகாணி மாறுனா உனுக்குத் தூக்கம் வராது. நீ ஊர் ஊரா சுத்தப் போறியா?" என்றார் நைனா. "எவன் ஊட்லயாவது போயி படுத்துக்கினு, எவ கையாலயாவது சோறு வாங்கித் துன்னுக்கினு. நமக்கு அது வேணாம்டா."

யார் வீட்டிலும் படுக்காமல் கடலோரமாகவே கோடியக்கரை வரை தனியாகச் சைக்கிளில் போய்க் காட்டுகிறேன் என்று வாய்விட்டேன். பாவுக்கு அடியில் முளைத்த யோசனை வாய்க்கு வந்து சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. நைனா உடனே பிடித்துக்கொண்டார்.

"சரி, போ. ஒரு ராத்திரி ஒரு ஊட்ல படுத்தாலும் நீயே வந்து சொல்லணும். சொல்லிட்டு மறுநாள் கடையில போயி உக்காரணும். பேச்சு மாறக் கூடாது."

கூடாரத்துக்குக் காடாத்துணி வாங்கித் தைத்தோம். தைத்த துணி தொளதொளவென்று தொங்கியது. மூங்கில் நட்டு நிறுத்தினால் நனைந்த கோழி மாதிரி குறுகிக்கொண்டது. எங்கள் தெருவில் எந்த நூல் தொய்ந்தாலும் எல்லோர் வாயிலும் ஒரே வைத்தியம்தான் வரும். அண்ணியும் அதையே சொன்னார், நானும் அதையே நினைத்திருந்தேன்: கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்கும். பச்சரிசிக் கஞ்சியைத் தாராளமாகக் காய்ச்சி, கூடாரத்தைப் பாவு மாதிரியே தெருவில் இழுத்துக் கட்டி, நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் தடவினோம். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் நின்று பார்த்துவிட்டு, "ஏமி அம்மா, தம்பிக்குப் புடவை நெய்யிறியா?" என்றார். காய்ந்ததும் அது தகரம் போல நின்றது. விரலால் சுண்டினால் சத்தம் வந்தது. அண்ணி நாலாபக்கமும் சுண்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய்க் கடலைப் பிடித்தேன். முதல் ராத்திரி சவுக்குத் தோப்பு ஓரம். காற்று கூடாரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. தலையணை இல்லை, தூக்கம் வந்தது. மறுநாள் சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டி, பாலாறு கடலில் கலக்கும் இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஊரில் நாங்கள் வெறும் மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு அங்கே இடுப்பளவு தண்ணீரோடு, தனக்கும் ஒரு கடல் உண்டு என்பதுபோல அகன்று கிடந்தது. கரையேறி ஈர உடையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குத் தெற்கே ஒழுங்கான சாலை கிடையாது. மண்பாதை, கழிமுகம், படகு, மறுபடி மண்பாதை. ஒரு பக்கம் எப்போதும் கடல். மறுபக்கம் பனை, உப்பங்கழி, அதில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. மனிதர்கள்தான் தொல்லை. வெட்டவெளியில் ஒரு பையன் தனியாகப் படுப்பதை யாராலும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வீட்டில் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்றார்கள், பரீட்சையில் தவறியவன் என்றார்கள். "பொண்ணு விசயமாப்பா?" என்று ஒரு பெரியவர் என் காதில் மட்டும் கேட்டார்.

இன்னொரு குழப்பமும் கூடவே வந்தது. என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது கேட்டால், "இங்க டென்ட் போடப் போறேன்" என்பேன். அந்த ஊர்களில் டென்ட் என்றால் ஒன்றுதான்: ஊருக்கு வெளியே கித்தான் கட்டிப் படம் காட்டும் கொட்டகை. நான் மூங்கிலை ஊன்றுவதற்குள் பிள்ளைகள் கூடிவிடும். "இன்னா படம்ண்ணா?" "சண்டை இருக்குதா?" ஒன்றும் இல்லை, நான் தூங்கப் போகிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். ஒரு சிறுமி இருட்டும் வரை மணலைக் குவித்து மேடு கட்டி, அதில் முதல் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

மரக்காணத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. கடற்காற்றின் ஈரத்தில் கஞ்சி ஊறி, கூடாரம் பழஞ்சோற்று வாசனை அடிக்க ஆரம்பித்திருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்பளத்து ஓரம் மாலையிலேயே கூடாரத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரு ஆட்டுக் கூட்டம் சுற்றி நின்றுகொண்டு பந்தியில் உட்கார்ந்த மாதிரி நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. கூரையில் பாதியும் ஒரு பக்கச் சுவரும் போய்விட்டன. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த அம்மாள் துணியை முகர்ந்து பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"சோத்தால கூடாரம் கட்டுனா ஆடு துன்னாம இன்னாப்பா பண்ணும்?"

சிரித்து முடித்ததும் அவருக்கு மனசு சங்கடப்பட்டுவிட்டது. "என் ஆடு துன்னதுக்கு நான்தான பொறுப்பு. வா, எங்க ஊட்ல படு. கருவாட்டுக் கொழம்பு இருக்குது" என்று என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது அசட்டுத்தனமாகப் பட்டது. அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "எங்க ஊட்ல படுத்தா வேல பூடுமா?" என்றார். அப்புறம் யோசித்து, "டென்ட்லதான படுக்கணும் உனுக்கு? அதோ அந்தாண்ட இருக்குது பாரு டென்ட்டு" என்று கைகாட்டினார்.

உண்மையிலேயே ஒரு டென்ட் கொட்டாய். அதன் வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் என் கதை முழுவதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படுத்துக்கோ. ஆனா தரை டிக்கெட் எடுக்கணும். ஓசியில யாரையும் உள்ள விடுறது இல்ல" என்றார். டிக்கெட் வாங்கினேன். படம் பாதி ஓடும்போதே மணலில் சாய்ந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கொட்டகையில் யாரும் இல்லை. கித்தானின் ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக மணலில் விழுந்திருந்தது. முந்தின நாள் கூட்டம் உட்கார்ந்து எழுந்த பள்ளங்களுக்கு நடுவே நானும் ஒரு பள்ளமாகக் கிடந்தேன். புறப்படும்போது டிக்கெட் கிழிப்பவர் ஓரமாகக் கிடந்த பழைய வெள்ளைத்திரையில் ஒரு பகுதியைக் கிழித்துக் கொடுத்தார். எத்தனையோ கதாநாயகர்கள் ஓடி விழுந்த துணி. ஆடு தின்ற இடத்தை அதை வைத்துத் தைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வீட்டின் கூரைக்கடியிலும் போகவில்லை. பரங்கிப்பேட்டையில் படகு, தரங்கம்பாடியில் அலை வந்து மோதும் பழைய மதில், வேதாரண்யத்தில் கண் கூசும் உப்பு மேடுகள். கடைசியாகக் கோடியக்கரை. அதுவரை இடதுபக்கமே இருந்த கடல் அங்கே சட்டென்று எதிரிலும் வந்துவிடுகிறது. நிலம் இவ்வளவுதான் என்று கையை விரித்துவிடுகிறது. தூரத்தில் சதுப்பில் பூநாரைகள் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடாக நின்றன. எங்கள் தெருவில் சாயம் சரியாக ஏறாத பாவைப் போல இருந்தது. இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, மீதியிருந்த பொட்டுக்கடலையை எல்லாம் தின்று தீர்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், கொட்டகையையும் சேர்த்து. நைனா முகம் மலர்ந்தது.

"டிக்கெட் வாங்கிக்கினு உள்ள போனா அது கொட்டாய்டா. கொட்டாய்னா ஊடு மாதிரிதான். கடைக்காரர்கிட்ட நீ நாளைக்கே வர்றேன்னு சொல்லிடறேன்."

"டென்ட்னுதான நைனா பேரு..."

"பேருல இன்னா இருக்குது? நாலு பக்கம் மறைப்பு, மேல கூரை, வாசல்ல காவலு. ஊடுதான்."

அண்ணன் தறியை நிறுத்தினான். நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பட்டுக்கடையின் வெள்ளை மெத்தை விரிப்பு என் கண்முன் வந்தது. அப்போது அண்ணி சொம்பில் மோரோடு வந்தார். அதை நைனாவின் கையில் கொடுத்து அவர் குடிக்கும் வரை காத்திருந்தார். வாயில் மோர் இருக்கும்போது அவரால் குறுக்கே பேச முடியாது.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். நம்ம ஊட்டுக்கு விருந்தாளி வந்து படுத்தா டிக்கெட் வாங்கறமா?"

நைனா குடிப்பதை நிறுத்தவில்லை.

"எந்த ஊட்லயாவது படுக்கறதுக்கு டிக்கெட் கேப்பாங்களா? கேட்டா அது ஊடா? தம்பி துட்டு குடுத்துத்தான் படுத்துருக்குது. யாரு ஊட்லயும் படுக்கல."

அண்ணன் தறிக்குழியில் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. நைனா சொம்பைக் கீழே வைத்தார், மீசையைத் துடைத்தார். "ஆரணியில இதத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மாசியில சேரணும்னியே, எத்தினாம் தேதி?" என்றார்.

இப்போது அந்தக் கடலோரம் முழுவதும் கம்பெனி கொடுத்த மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன். பெரும்பாலும் லாட்ஜில் தங்குகிறேன்; தலையணைக்குத் தலையணை மாறுகிறது, தூங்குகிறேன். அண்ணிக்கு இரண்டு பிள்ளைகள். அவர் நாக்கின் வேகம் கொஞ்சமும் குறையவில்லை. அடுத்ததாக மேற்குக் கடற்கரையில், மங்களூரிலிருந்து வடக்கே தனியாகப் போவதென்று தீர்மானித்து, புதுக் கித்தான் கூடாரம் ஒன்றை விலை விசாரித்துவிட்டு வந்து அவரிடம் சொன்னேன்.

"டென்ட்டு வேணாம் தம்பி" என்றார். "அந்த மரக்காணத்து அம்மா கூப்ட்டும் போவாம வந்தீங்களே, கேஸ்ல நான்தான் ஜெயிச்சேன். ஆனா எனக்கு அது மனசே கேக்கல. இந்தத் தடவ கூப்புடற ஊட்ல எல்லாம் படுங்க. கூப்புடலன்னா நீங்களே போயி கேளுங்க. அதுதான் கஷ்டம். முடியுமா?"

முடியும் என்று இன்னும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆடு தின்ற கூடாரத்தோடு ஊரைத் தாண்டுவது எளிது. அந்நியர் கதவைத் தட்டி இன்றைக்கு இங்கே படுக்கலாமா என்று கேட்பது வேறு. கன்னடம் பேசும் நெசவாளி ஒருவரிடம் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் வீட்டு வாசலில் நின்று அதை அண்ணியிடம் சொல்லிக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஒண்ணும் புரியல" என்றார். "ஆனா உள்ள வான்னு சொல்லத் தோணுது."

தை பிறந்ததும் கிளம்புகிறேன்.